இறங்காத டிகாஷனும் இரைகிற மோக்காவும்

வாசகர் கேள்வி – பதில்: காபிப் பாத்திரங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ஒரே புகார்தான்: டிகாஷன் இறங்கவில்லை. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கே: எவர்சில்வர் ஃபில்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் நன்றாக இறங்கியது. இப்போது ராத்திரி போட்டுவைத்தால் காலையில் அடியில் நாலு ஸ்பூன்தான் இருக்கிறது. மேலே தண்ணீர் அப்படியே நிற்கிறது. பொடிக்கடையை மாற்றியும் பார்த்துவிட்டேன். (வாசகி, மன்னார்குடி)

ப: பொடிக்கடைமேல் பழி போடுமுன் பாத்திரத்தைப் பாருங்கள். மேலடுக்கைக் கழுவித் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். அடித்தட்டின் கண்கள், அதாவது துளைகள், எல்லாம் ஊசிமுனை வெளிச்சமாகத் தெரிய வேண்டும். நடுவில் மட்டும் தெரிந்து ஓரமெல்லாம் இருட்டாக இருந்தால் அடைப்பு. முதலில் நன்றாக இறங்கிவிட்டு இப்போது நின்றுபோயிருப்பதால் உங்கள் வீட்டில் இதற்கே வாய்ப்பு அதிகம். காபி எண்ணெயும் சிக்கரிப் பிசினும் துளை ஓரத்தில் ஒட்டும். அதன்மேல் நுண்பொடி படியும். கண் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கிற நார் மேல்பரப்பைத்தான் தொடுகிறது, துளைக்குள் போவதில்லை.

எவர்சில்வர் என்றால் வழி சுலபம். ஈரமில்லாமல் காய்ந்த மேலடுக்கை இடுக்கியில் பிடித்து, சிறுதீயில் அடிப்பக்கம் படும்படி ஒரு நிமிஷம் காட்டுங்கள். லேசாகப் புகையும், துளையில் இருப்பது கருகிப் பொடியாகும். ஆறியபின் பழைய டூத்பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தேய்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்து, அடிப்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நீலமும் பழுப்புமாக ஒரு கறை விழும்; அதனால் கெடுதல் இல்லை. தீயில் காட்ட மனம் வராதவர்கள் அரை லிட்டர் கொதிநீரில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு அரை மணி ஊறவைக்கலாம். உப்புத்தண்ணீர் ஊராக இருந்தால் சோடா மட்டும் போதாது. வெள்ளைப் படிவம் கரைய வினிகரோ எலுமிச்சைச் சாறோ வேண்டும். சோடாவையும் இந்தப் புளிப்பையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பது போல இருக்கும். உண்மையில் ஒன்றையொன்று முறித்துக்கொண்டிருக்கும்.

கண்கள் சுத்தமாக இருந்தும் இறங்கவில்லையா? அடுத்த சந்தேகம் காற்று. டிகாஷன் கீழே சொட்டச் சொட்ட, கீழடுக்கில் இருக்கிற காற்று வெளியேறியாக வேண்டும். மேலடுக்கும் கீழடுக்கும் இறுக்கமாகப் பொருந்துகிற ஃபில்டரில், ஆவி பட்டு இடுக்கில் ஈரம் கோத்துக்கொண்டால் காற்றுக்கு வழியில்லை. சோதிப்பது எளிது: மேலடுக்கை ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். உடனே சொட்டுச் சத்தம் கேட்டால் குற்றவாளி அதுதான். அன்றிலிருந்து மேலடுக்கை நூலளவு சாய்த்தே வையுங்கள்.

மூன்றாவது, பொடி. இரண்டு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்தால் பொடியுப்பு போல நெருடவேண்டும். மைதா போல வழுக்கினால் அது எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்கான அரவை. நம் ஃபில்டரில் சேறாகிவிடும். மில்லில் கேட்கும்போது ‘நைஸாக’ என்று சொல்லாதீர்கள், ‘ஃபில்டருக்கு’ என்று சொல்லுங்கள்.

கடைசியாகக் குடை. காம்பு வைத்த அந்தத் தட்டு பொடியைக் கெட்டிப்படுத்துவதற்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பொடியைச் சமமாக்குவதும், மேலிருந்து விழுகிற வெந்நீர் ஒரே இடத்தில் குழி பறிக்காமல் பரவச் செய்வதும்தான் அதன் முக்கிய வேலை. பொடி அசையாமல் நிற்கிற அளவுக்கு லேசாக அழுத்தினால் போதும். முதலில் பொடி நனைகிற அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றி அரை நிமிஷம் பொறுங்கள். புதுப் பொடியானால் உப்பிக் குமிழி விடும். வறுத்தபோது உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேறுகிறது. அது போனபிறகு மீதித் தண்ணீரை ஊற்றினால் ஒரே சீராக இறங்கும்.

பால்காரர் வந்தாயிற்று, டிகாஷன் வரவில்லை என்கிற அவசரத்துக்கு: குடையை எடுத்துவிட்டு, பொடியின் மேல்பாதியை மட்டும் ஸ்பூனால் மெல்லக் கிளறி, நாலு ஸ்பூன் கொதிநீர் விடுங்கள். இறங்கும். ஆனால் மண்டி கலந்து இறங்கும். தினப்படி வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

கே: நாலு பேருக்கு எத்தனை ஸ்பூன் பொடி? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். (வாசகர், திருச்சி)

ப: குழப்பமே ஸ்பூனால்தான். ஒரே மேஜைக்கரண்டி, தலைதட்டினால் ஏறக்குறைய 5 கிராம். குவித்தால் 8 கிராம். ஒரு தராசு வாங்கிவிடுங்கள். மசாலா நிறுக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும்.

நாலு டம்ளருக்கு 80:20 பொடி (காபி 80, சிக்கரி 20 பங்கு) 40 கிராம், தண்ணீர் 200 மில்லி. பொடி தன் எடையில் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் கீழே வருவது 120 மில்லிதான். ‘200 ஊற்றினேன், 120தான் வந்தது’ என்று ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஆளுக்கு 30 மில்லி டிகாஷன், 90 முதல் 100 மில்லி பால். 15 முதல் 20 நிமிஷத்தில் இறங்கி முடிய வேண்டும். ஐந்தே நிமிஷத்தில் கடகடவென்று இறங்கினால் அரவை பெரிசு. டிகாஷன் நிறம் காட்டும், ருசி காட்டாது. முக்கால் மணி ஆனால் அரவை சிறிசு, கசப்பு ஏறும்.

மறுபடி 100 மில்லி கொதிநீர் விட்டால் இரண்டாம் டிகாஷன் ஏறக்குறைய முழுசாக 100 மில்லியும் வரும், ஏனென்றால் பொடி ஏற்கெனவே குடித்தாகிவிட்டது. அதை முதலோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முதலில் இறங்கிய கள்ளிச்சொட்டு போன்ற கெட்டி டிகாஷன், இரண்டாவதோடு சேர்ந்தால் இரண்டுமே இரண்டுங்கெட்டான் ஆகிவிடும். தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சிய பால் என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆனால் கேள்விகளைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது. 3 சதவீதக் கொழுப்புள்ள பாலில் மேற்படி அளவு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், 6 சதவீதப் பாலில் சரியாக உட்காரும்.

கே: மகன் மோக்கா பாட் (அடுப்பில் வைக்கிற இத்தாலியக் காபிப் பாத்திரம்) வாங்கி வந்தான். வழக்கமான 60:40 பொடி போட்டு அடுப்பில் வைத்தால் பக்கவாட்டில் ஆவி சீறுகிறது, மேலே கொஞ்சம்தான் வருகிறது, வந்ததும் தீய்ந்த கசப்பு. பாத்திரம் மோசமா, செய்முறை மோசமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: பொடி. உடனே அந்தப் பொடியை அதில் போடுவதை நிறுத்துங்கள், ருசிக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்.

சிக்கரி காபிக்கொட்டை இல்லை. ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. காபிப் பொடியில் தண்ணீரில் கரையக்கூடியது ஏறக்குறைய 30 சதவீதம். வறுத்த சிக்கரியில் பாதிக்குமேல் கரையும். நம் ஃபில்டரில் இது லாபம்: டிகாஷன் கெட்டியாகும், நிறம் ஏறும், மெதுவாக இறங்கும். மோக்காவில் இதுவே வினை. அங்கே தண்ணீர் தானாக இறங்குவதில்லை. கீழ் அறையில் ஆவியின் அழுத்தம் தண்ணீரைப் பொடி வழியாக மேலே தள்ளுகிறது. சிக்கரி பிசினாகி வழியை அடைத்தால் அழுத்தம் ஏறும். அப்போது திறந்துகொள்வதற்காகத்தான் கீழ் அறையின் பக்கத்தில் சின்னதாக ஒரு பித்தளை வால்வு இருக்கிறது. நீங்கள் கேட்ட சீறல் அந்த வால்விலிருந்து வந்திருந்தால் அது தன் கடமையைச் செய்திருக்கிறது. திருகு மரையிலிருந்து வந்திருந்தால், ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை அல்லது மரையில் பொடி ஒட்டியிருக்கிறது.

மூன்று கப் அளவுப் பாத்திரத்துக்கு முறை இது. சிக்கரி இல்லாத பொடி, ஃபில்டர் அரவையைவிட ஒரு சுற்று சிறிசு, 15 கிராம். கூடையில் நிரப்பி விரலால் தலைதட்டுங்கள், அழுத்தாதீர்கள். கூடையின் விளிம்பில் ஒரு துளிப் பொடிகூட இருக்கக்கூடாது. அங்கேதான் வளையம் உட்காருகிறது. தண்ணீர் 130 மில்லி, வால்வுக்குக் கீழே நிற்கும்படி. பச்சைத் தண்ணீர் வேண்டாம், கொதித்த தண்ணீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் காய்கிற நேரமெல்லாம் உலோகச் சூட்டில் பொடியும் சேர்ந்து வறுபடும். உங்கள் தீய்ந்த வாடையில் பாதி அதனால்தான். கீழ் அறை சுடுமாகையால் துணியால் பிடித்து இறுக்குங்கள்.

மூடியைத் திறந்து வைத்து சிறுதீயில் வையுங்கள். நடுத்தண்டின் நுனியில் முதலில் கருந்தேன் நிறத்தில் வழியும், ஒரு நிமிஷத்தில் வெளிறும். வெளிறத் தொடங்கி, ‘கர்ர்’ என்று இரையப் போகிற தருணத்தில் இறக்கி, அடிப்பாகத்தை ஈரத்துணியில் வைத்துவிடுங்கள். அந்த இரைச்சல், தண்ணீர் தீர்ந்து ஆவி பொடியைப் பொசுக்குகிற சத்தம். காபி ஆகிவிட்டது என்று அறிவிக்கிற மணியாக அதை எடுத்துக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டு இறக்குகிறவர்களுக்குக் கசப்புதான் கிடைக்கும்.

இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெத்தி 1933இல் கொண்டுவந்த எட்டுப் பட்டை அலுமினியப் பாத்திரம் இது. அதன் அடி சிறிசு. நம் கேஸ் அடுப்பின் பெரிய பர்னரில் தீ அடியைத் தாண்டி கைப்பிடியை உருக்கும். சின்ன பர்னரில் கம்பி வலைத் தட்டு போட்டு வையுங்கள். அழுத்தம் 1 முதல் 2 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்பதால் இதில் வருவது எஸ்பிரெஸ்ஸோ ஆகாது. ஆனால் பாலோடு சேர்க்க, நம் முதல் டிகாஷனுக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். ஃபில்டரில் 20 நிமிஷம் ஆவது இங்கே ஐந்தே நிமிஷம்.

கே: ஊட்டிக்கு மாற்றலாகி வந்தோம். அதே பொடி, அதே ஃபில்டர். டிகாஷன் நீர்த்துப் புளிப்பாக இருக்கிறது. (வாசகி, உதகமண்டலம்)

ப: உயரம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காபி நன்றாக இறங்க 90 முதல் 96 டிகிரி வேண்டும். சமவெளியில் கொதித்த தண்ணீரை இறக்கிக் கொஞ்சம் பொறுத்து ஊற்றினாலும் ஈடுகொடுக்கும். உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. குளிர்ந்த எவர்சில்வரில் விழுந்தவுடன் சூடு இன்னும் இறங்கும். புளிப்புச் சத்து முதலில் கரைந்துவிட, இனிப்பும் கனமும் பொடியிலேயே தங்கிவிடும்.

ஃபில்டரை, பொடி போடுமுன், கொதிநீர் ஊற்றி இரண்டு அடுக்கையும் சூடாக்கிக் கொட்டுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றுங்கள். மூடி போட்டு, ஃபில்டரைச் சுற்றி ஒரு கனத்த துண்டைச் சுற்றுங்கள். போதாவிட்டால் அரவையை ஒரு சுற்று சிறிசாக்குங்கள்.

கே: சர்க்கரை, பால் இரண்டையும் விட்டுவிட்டேன். கருப்புக் காபிக்கு நம் ஃபில்டரா, பொடியை ஊறவைத்து வலையால் அழுத்துகிற ஃபிரெஞ்ச் பிரஸ்ஸா, காகிதம் வைத்து ஊற்றுகிறார்களே அதுவா? கொலஸ்ட்ரால் இருக்கிறது. (வாசகர், சென்னை)

ப: உங்களுக்குக் காகிதம். காரணம் கடைசி வரியில் நீங்களே எழுதியது.

காபி எண்ணெயில் கஃபெஸ்டால் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது. காகித வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும். உலோக வலை விட்டுவிடும். ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் உள்ளது உலோக வலை. துருக்கிக் காபியில் வடிகட்டுவதே இல்லை. நம் எவர்சில்வர் கண்களும் காகிதம் அளவுக்குத் தடுக்காது. ஒரு நாளைக்கு ஒரு கப் என்றால் பெரிய கவலை வேண்டாம். நாலைந்து கப் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம். உங்கள் மருத்துவரிடம் எத்தனை கப் என்பதோடு எந்த வடிகட்டி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ருசி வேறு விஷயம். நம் ஃபில்டர் பாலுக்காகவே பிறந்தது. அதன் டிகாஷனில் வெந்நீர் விளாவிக் கருப்பாகக் குடிப்பது, குழம்பை நீர்க்க விட்டு ரசம் என்பது போல. கருப்பாகக் குடிக்கும்போது பால் மறைத்துவைத்த எல்லாமே நாக்குக்குத் தெரிந்துவிடும்: பழைய பொடி, அதிக வறுவல், சிக்கரி. ஆகவே சிக்கரி இல்லாத, நடுத்தர வறுவல் அராபிகா வகைக் கொட்டை வாங்குங்கள். சேர்வராயன், பழனி மலைக் கொட்டைகள் கருப்புக் காபியில்தான் தங்கள் குணத்தைக் காட்டும்.

காகித முறைக்கு ஒரு கப் கணக்கு: 15 கிராம் பொடி, ரவையைவிடக் கொஞ்சம் சிறிய அரவை, 250 மில்லி தண்ணீர். கூம்பில் காகிதத்தை வைத்து முதலில் வெறும் வெந்நீரால் நனைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். காகித வாடை போகும், கூம்பும் சூடாகும். பொடி போட்டு 30 மில்லி ஊற்றி 40 விநாடி பொறுங்கள். மீதியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமடித்து இரண்டு மூன்று தவணையில் ஊற்றுங்கள். மொத்தம் மூன்று நிமிஷம். இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்தால் புளிக்கும், அரவையைச் சிறிசாக்குங்கள். நாலைத் தாண்டினால் கசக்கும், பெரிசாக்குங்கள். நீண்ட மெல்லிய மூக்குள்ள கெட்டில் விலை அதிகம். அது வரும்வரை மூக்கு வைத்த சின்ன டீ ஜாடியே போதும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் 1908இல் இந்த யோசனைக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது மகனுடைய நோட்டுப் புத்தகத்து மை ஒற்றும் தாள்.

ஃபிரெஞ்ச் பிரஸ் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் இப்படிச் செய்யுங்கள், மண்டி குறையும். 30 கிராம், பெரிய ரவை அரவை, 500 மில்லி. நாலு நிமிஷம் கழித்து மேலே மிதக்கிற மேலோட்டை ஸ்பூனால் உடைத்து, நுரையை வழித்துக் கொட்டுங்கள். இன்னும் நாலைந்து நிமிஷம் விடுங்கள். பொடி தானாக அடியில் படியும். பிறகு வலையை காபியின் மேல்மட்டம்வரை மட்டும் இறக்கி ஊற்றுங்கள். அடிவரை அழுத்தினால் படிந்ததெல்லாம் கலங்கி மேலே வரும். அழுத்துவதற்கென்றே செய்த பாத்திரத்தில் அழுத்தாதே என்கிறோமே என்று கேட்காதீர்கள். கடைசி வாய்வரை தெளிவாகக் குடிக்க வேறு வழி இல்லை.

கே: பீபரி என்பது தனிச் செடியா? (மாணவர், திண்டுக்கல்)

ப: இல்லை. எல்லாச் செடியிலும் காய்க்கும். பழத்துக்குள் இரண்டு பருப்பு தட்டையாக ஒட்டியிருப்பது வழக்கம். ஒன்று மட்டும் வளர்ந்தால் உருண்டையாகிவிடும், அதுதான் பீபரி. உருண்டை என்பதால் வறுக்கும்போது சட்டியில் நன்றாக உருண்டு சீராக வறுபடும். கடைப்பலகையில் ‘பிளான்டேஷன் ஏ’ என்று எழுதியிருப்பது, கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் பருமன் பார்த்துச் சலித்த தட்டைக் கொட்டை.

கே: இங்கே கடைகளில் துணிப்பையில் கோப்பி போடுகிறார்கள். அந்தப் பொடியை அம்மா அனுப்பிய எவர்சில்வர் ஃபில்டரில் போட்டால் சப்பென்று இருக்கிறது. ஏன்? (வாசகி, பினாங்கு)

ப: மலேசியக் கோப்பிப் பொடிக்கு வறுவலே வேறு. பெரும்பாலும் ரொபஸ்டா வகைக் கொட்டை, கடைசிக் கட்டத்தில் சர்க்கரையும் மார்ஜரீனும் சேர்த்துப் பாகு கருகும்வரை வறுப்பார்கள். அந்தக் கருமையில் பாதி சர்க்கரையுடையது. அரவையும் நம் ஃபில்டர் பொடியைவிடப் பெரிசு. சொட்டு ஃபில்டரில் போட்டால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். அதுதான் சப்பென்ற ருசி.

துணிப்பையில் பொடி முழுக்க முழுக வெந்நீரில் ஊறுகிறது. ஒரு பங்கு பொடிக்குப் பத்துப் பங்கு கொதிநீர், ஐந்து நிமிஷம் ஊறல், பிறகு பையைத் தூக்கி, வடிந்ததை மறுபடி அதே பைக்குள் ஊற்றி இன்னொரு ஜாடிக்கு மாற்றுங்கள். புதுப் பையைப் பயன்படுத்துமுன் பழைய காபி மண்டியோடு ஒருமுறை கொதிக்கவிடுங்கள், நூல் வாடை போகும். சோப்பு படவே கூடாது. அடுத்த ஜென்மம்வரை வாடை நிற்கும். வெந்நீரில் அலசி, தண்ணீரில் முக்கியே குளிர்ப்பெட்டியில் வையுங்கள். காயவிட்டால் துணியில் தங்கிய எண்ணெய் சிக்கு நாற்றம் பிடிக்கும். நம் ஊரிலும் கல்யாணச் சமையலில் பெரிய அளவு டிகாஷனுக்குத் துணி கட்டித்தான் வடிப்பார்கள்.

கே: 15 பார் அழுத்தம் என்று போட்ட எஸ்பிரெஸ்ஸோ மெஷின் தள்ளுபடியில் வருகிறது. வாங்கினால் டிகிரி காபி மாதிரி வருமா? (வாசகர், மதுரை)

ப: வராது. வேறு ஒன்று வரும், அது உங்களுக்குப் பிடிக்கலாம்.

15 பார் என்பது பம்பு அதிகபட்சம் தள்ளக்கூடியது. காபிக்கு வேண்டியது 9 பார். எண்ணைப் பார்த்து மயங்காமல் கூடையைத் தட்டிப் பாருங்கள். மலிவு மெஷின்களில் கூடையின் அடியில் வெளிப்பக்கம் ஒற்றைத் துளை இருக்கும். அழுத்தத்தை அந்தத் துளை செயற்கையாக உண்டாக்கி, எந்தப் பொடி போட்டாலும் நுரை எழுப்பிவிடும். நிறையத் துளையுள்ள சாதாரணக் கூடையும் கூட வருகிறதா என்று கேளுங்கள். அதைப் பயன்படுத்த நல்ல கிரைண்டர் வேண்டும்; 18 கிராம் பொடியிலிருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 விநாடியில் இறங்கும்படி அரவையைத் திருத்தித் திருத்தித்தான் பிடிக்க முடியும். கையில் உள்ள பணத்தில் பெரும்பங்கை மெஷினில் போட்டுவிட்டு, கிரைண்டருக்கு மிச்சமில்லாமல் நிற்பதுதான் இதில் வழக்கமாக நடக்கிற தவறு.

இன்னும் இரண்டு கணக்கு. ஃபில்டரில் டம்ளருக்கு 10 கிராம். இங்கே ஒரு நல்ல கோப்பைக்கு 18 கிராம். மாதக் கடைசியில் தெரியும். அடுத்தது சூடு: ஆவிக்குழாயில் பாலை 60, 65 டிகிரிவரைதான் காய்ச்சுவார்கள், அதைத் தாண்டினால் நுரை உடையும். டபராவில் இரண்டு ஆற்று ஆற்றியும் நாக்கு சுடுகிற காபிக்குப் பழகியவர்கள் அதை ‘ஆறிப்போன காபி’ என்பார்கள். சிக்கரிப் பொடியை எக்காரணம் கொண்டும் இதில் போடாதீர்கள். கோவை வாசகருக்குச் சொன்ன அதே அடைப்பு, செலவு மட்டும் அதிகம்.

கே: மிக்ஸியில் கொட்டை அரைக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

ப: அரைக்கலாம், நறுக்குகிறோம் என்று தெரிந்து அரைக்க வேண்டும். பிளேடு கொட்டையை வெட்டுகிறது; பாதி தூசாகும், பாதி குருணையாகும். தூசு கசப்பைத் தரும், குருணை புளிப்பைத் தரும், ஒரே டம்ளரில் இரண்டும். சின்ன ஜாரில் 40 கிராமுக்கு மேல் போடாமல், மூன்று விநாடி ஓட்டம், ஒரு குலுக்கல் என்று ஏழெட்டு முறை செய்யுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பொடி சூடேறி மணம் அடுக்களையிலேயே போய்விடும். மசாலா அரைத்த ஜார் வேண்டாம். தனியா வாடை எத்தனை கழுவினாலும் காபியில் வரும். ரவை சல்லடையில் சலித்துக் குருணையை மறுபடி அரைத்தால் ஃபில்டருக்குப் போதுமான பொடி கிடைக்கும். மோக்காவுக்கும் காகிதத்துக்கும் கையால் சுற்றுகிற, கூம்புப் பற்கள் கொண்ட சின்ன கிரைண்டர் மேல். அதைத் தண்ணீரில் கழுவக்கூடாது, பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

கொட்டையாக வைத்தால் மூன்று நான்கு வாரம் தாங்கும். அரைத்தால் பதினைந்து நாளில் மணம் பாதி. ஆகவே கிலோக் கணக்கில் அரைத்து வாங்காதீர்கள். குளிர்ப்பெட்டியிலும் வைக்காதீர்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பொடியில் ஈரம் வேர்க்கும்.

கே: பாட்டி காலத்துப் பித்தளை ஃபில்டர் பரணிலிருந்து கிடைத்தது. பயன்படுத்தலாமா? (வாசகர், கும்பகோணம்)

ப: உள்பக்கம் என்ன நிறம்? வெள்ளி நிறமாக இருந்தால் ஈயப்பூச்சு இருக்கிறது, பயன்படுத்தலாம். மஞ்சள் எட்டிப் பார்த்தால் வேண்டாம். காபி லேசான அமிலம்; பூச்சு போன பித்தளையில் செம்பும் துத்தநாகமும் டிகாஷனில் இறங்கும், வாயில் ஒரு காசு வாடை அடிக்கும். ஈயம் பூசுகிறவரிடம் கொடுக்கும்போது வெள்ளீயம்தான் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். காரீயம் கலந்தால் நஞ்சு. பூசியபின் கண்கள் அடைபட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், இது அடிக்கடி நடக்கும். மன்னார்குடி வாசகிக்குச் சொன்ன தீ வைத்தியம் இதற்கு ஆகாது: வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். டிகாஷன் இறங்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பித்தளையில் ருசி கூடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கனத்த பாத்திரம் சூட்டைத் தக்கவைக்கும், அதனால் கொஞ்சம் நன்றாக இறங்கும். மீதி, பாட்டியின் ஞாபகம்.

கே: ஆர்.ஓ. தண்ணீரில் காபி சரியாக வருவதில்லை என்கிறார்கள், உண்மையா? (வாசகர், வேளச்சேரி)

ப: உண்மை. காபியின் சத்தை இழுக்கக் கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீரில் இருக்க வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருந்தால் நல்லது, ஆர்.ஓ. பல வீடுகளில் அதை 30க்கும் கீழே கொண்டுபோய்விடுகிறது. பல கருவிகளில் இதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு; சர்வீஸுக்கு வருகிறவரிடம் சொல்லி ஏற்றச் சொல்லுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றுவது எதிர்க்கோடி: காபி மழுங்கிப்போகும், கெட்டிலில் சுண்ணாம்பு கட்டும்.

கே: மிஞ்சிய டிகாஷனை என்ன செய்வது? சில நாள் பால் திரிந்துவிடுகிறது. (வாசகி, சேலம்)

ப: மூடிய கண்ணாடிப் பாட்டிலில், குளிர்ப்பெட்டியில், மறுநாள்வரை. அடுப்பில் நேரடியாகக் கொதிக்கவிடாதீர்கள், கசந்துவிடும். கிண்ணத்தோடு வெந்நீரில் ஐந்து நிமிஷம் வைத்துச் சூடேற்றுங்கள். திரிவதற்கு, ஒன்று பால் ஏற்கெனவே புளிக்கத் தொடங்கியிருக்கும், இல்லை டிகாஷன் வெளியே கிடந்து புளித்திருக்கும். ஒரு ஸ்பூன் பாலில் நாலு சொட்டு விட்டுப் பார்த்தபின் மொத்தத்தில் ஊற்றுங்கள்.

கே: மோக்காவை இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா? (வாசகர், ஓசூர்)

ப: அலுமினியம் இண்டக்‌ஷனில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் உள்ள எவர்சில்வர் மோக்கா தனியாகக் கிடைக்கிறது. அதிலும் சின்ன அளவுப் பாத்திரத்தைச் சில அடுப்புகள் பாத்திரமே இல்லை என்று எண்ணி அணைந்துவிடும். வாங்கும்போது அடியின் விட்டத்தையும், அடுப்பின் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச விட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுப்பு வாட்டை 600க்கு மேல் ஏற்ற வேண்டாம். மாற்று ரப்பர் வளையம் இரண்டு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.